சொன்ன இடத்தில் நிற்கிற பெண்

மஸ்கட்
18.6.1985

அன்புள்ள அக்காவுக்கு லோகநாயகி அநேக நமஸ்காரம். நானும் உங்கள் தம்பியும் சௌக்கியம். அங்கே நீங்களும் ஏகநாதன் அண்ணாவும் சுகந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணாவுக்கு முட்டி வலி குறைந்ததா?

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். சேர்ந்த மறுநாளே டியூட்டி போட்டுவிட்டார்கள். உங்கள் தம்பி விடிவதற்கு முன் சைட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். குழந்தையை இங்கே வைத்துக்கொண்டு நாங்கள் திண்டாடியது போதும். ஒரு வருஷம் பொறுத்தால் ஆஸ்பத்திரியிலேயே வீடு தருவார்கள். அதுவரை நீங்கள்தான் அவளுக்கு அம்மா.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. அவள் சரியான வாயாடி. எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். பல்லாவரத்தில் எங்கள் வீடு வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி. அப்பா, நான், தம்பிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ள மாட்டோம். மஸ்கட் வரும் வரை அங்கே வளர்ந்த குழந்தை, எதிர்த்துப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புடலங்காய் பிடிக்காது, வற்புறுத்த வேண்டாம். எதிர்வீட்டு ஞானம்மாளின் பெண் ஸ்டெல்லாவும் ஒன்றாம் வகுப்புதானாமே, இரண்டும் சேர்ந்து விளையாடட்டும்.

அவளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
லோகு


பீர்க்கன்கரணை
7.7.85

சௌபாக்கியவதி லோகநாயகிக்கு அபிதகுஜாம்பாள் ஆசீர்வாதம். உபயகுசலம். அவருக்கு முட்டி வலி பரவாயில்லை, தைலம் தேய்க்கிறேன். தம்பி வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று பார்த்துக்கொள்.

சுகந்தி முதல் வாரம் ஓயாமல் அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. பார்க்க ஆள் இல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் எவ்வளவு நேரம் அழும்? இப்போது அழுவதில்லை. புடலங்காய்க் கூட்டை இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். நான் அவளை அடித்தேன் என்று நினைத்துவிடாதே. பிள்ளைகளை அடிக்கிற வழக்கம் எனக்கு எந்நாளும் கிடையாது. தாறுமாறாகப் பேசினால் என் காதில் விழாது, அவ்வளவுதான். ஒழுங்காகப் பேசும் வரை இந்த வீட்டில் அவள் இல்லாத மாதிரி நடந்துகொள்வேன். இரண்டு நாளில் புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி.

எங்கள் அம்மா போனபோது சாம்புவுக்கு நாலு வயது, எனக்குப் பதினாலு. அவனையும் இப்படித்தான் வளர்த்தேன். இன்று வரை என் பேச்சுக்கு அவன் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவனைக் கட்டிக்கொண்ட நீ அதன் அருமையை அறிந்திருப்பாய்.

எதிர்வீட்டுச் சகவாசம் வேண்டாம். அந்தப் பெண் அப்பன் முதுகில் ஏறிக்கொண்டு 'இன்னாப்பா, இன்னாப்பா' என்று கத்துகிறது. அந்த மனுஷனும் சிரிக்கிறார். அவர்கள் வழக்கம் அவர்களுக்கு, நமக்கு ஒத்துவராது.

இப்போது அவளைச் சொன்ன இடத்தில் நிற்கப் பழக்குகிறேன். நேற்று கோயிலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் பிரகாரம் சுற்றப் போனேன். வழியில் தோத்தாத்ரி சார் வீட்டம்மாளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். திரும்பி வந்தால் அப்படியே நிற்கிறாள், அசையவில்லை. அந்த அம்மாள் மூக்கில் விரல் வைத்தாள்.

ஆசீர்வாதத்துடன்,
அபிதகுஜாம்பாள்


மஸ்கட்
24.7.85

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

புடலங்காய் சாப்பிடுகிறாளா! கடிதத்தைப் படித்துவிட்டு நம்பவே முடியவில்லை. உங்கள் தம்பி, "அக்கா கைக்குப் போயிட்டா எல்லாம் வழிக்கு வந்துடும்" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான் அக்கா. பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? காலையில் தலை பின்னும்போது இன்னும் துள்ளுகிறாளா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த வாரம் அவள் உங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றை எழுதுங்கள். வார்டில் என்கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருக்கும் அவள் கேள்விகள் பிரசித்தம். காக்காய்க்கு ஏன் பல் இல்லை, சாமி ஏன் பல் தேய்ப்பதில்லை என்று கேட்பாளே, அதைச் சொல்லிச் சொல்லித்தான் என் பொழுது போகிறது. புதிதாக ஒன்று அனுப்புங்கள்.

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

லோகு


பீர்க்கன்கரணை
29.8.85

சௌ. லோகநாயகிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் நலம். வரலட்சுமி பூஜை வேலையில் பதில் எழுதத் தாமதம்.

நீ கேட்டபடி எழுத ஒன்றுமில்லை. அவள் கேள்வி கேட்பதில்லை. தேர்வில் முதலாவதாக வந்திருக்கிறாள். அவள் டீச்சர் என்னிடம், "இப்படி ஒரு குழந்தை வகுப்புல இருக்கறதே தெரியலைங்க" என்றாள். இதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும்?

போன வாரம் நடந்ததை நீ கேட்க வேண்டும். கொல்லையில் முருங்கை மரத்தடியில் அவளை நிற்கச் சொல்லிவிட்டுப் பால்காரி எல்லம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அங்கே செவ்வெறும்புப் புற்று இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பேசி முடித்துத் திரும்பினால் இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கிச் சிவந்திருக்கின்றன. கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாயில் சத்தமில்லை. "ஏண்டி சொல்லலை?" என்றேன். "நீங்க பேசிட்டு இருந்தீங்க அத்தை" என்றாள். எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. சுண்ணாம்பு தடவி மடியில் போட்டுக்கொண்டேன். காலனியில் நான்கு வீட்டில் சொல்லியாயிற்று, எல்லோருக்கும் ஆச்சரியம். பெற்றால்தான் பிள்ளையா என்று அவரிடம் சொன்னேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அபிதகுஜாம்பாள்


மஸ்கட்
15.9.85

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். நலம், நலமறிய ஆவல்.

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் பெரியவர்கள், உங்களுக்கு நான் சொல்லித்தர வரவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. எறும்பு கடித்தால் குழந்தை ஓட வேண்டும் அக்கா. யார் பேசிக்கொண்டிருந்தாலும் கத்த வேண்டும். கத்தாத குழந்தைகளை நான் வார்டில் பார்க்கிறேன். அவர்களைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம், கத்துகிறவர்களைப் பார்த்து அல்ல.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அக்காவுக்குத் தெரியாததா?" என்று செய்திப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

தயவுசெய்து சாயங்காலத்தில் கொஞ்ச நேரமாவது ஸ்டெல்லாவோடு விளையாட விடுங்கள். தெருமுனை டாக்டர் வீட்டில் போன் இருக்கிறதே, அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கூப்பிடுகிறேன். அவளை அழைத்து வாருங்கள். அவள் குரலைக் கேட்க வேண்டும்.

தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

லோகு


பீர்க்கன்கரணை
10.10.85

சௌ. லோகநாயகிக்கு. இங்கே எல்லோரும் நலம்.

நீ சொன்னபடி டாக்டர் வீட்டுக்கு அழைத்துப் போனேன், பேசினாய். திருப்திதானே? குழந்தையை என்னிடம் விட்டுப் போனது நீ. நான் வந்து கேட்கவில்லை. விட்டான பிறகு அங்கிருந்துகொண்டு இப்படி வளர்க்காதே, அப்படி வளர்க்காதே என்றால் என்ன அர்த்தம்? சாம்புவுக்கும் எழுதியிருக்கிறேன்.

சுகந்தி தானே எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. எழுத்து எப்படி இருக்கிறது பார்.

அபிதகுஜாம்பாள்

அன்புள்ள அம்மா, நான் நலம். அப்பா நலமா. நான் அத்தை சொல்வதைக் கேட்கிறேன். நான் நல்ல பெண். இப்படிக்கு, சுகந்தி.


மஸ்கட்
27.10.85

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். தீபாவளி வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சௌக்கியம்தானே?

எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போனில் நான் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன், "சரிம்மா" என்றாள். அம்மாகிட்ட வந்துடறியா என்றேன், "சரிம்மா". அங்கேயே அத்தையோட இருக்கியா என்றேன், அதற்கும் "சரிம்மா". லைனில் கோளாறோ என்று மூன்று தரம் மாற்றி மாற்றிக் கேட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு நர்ஸ்கள் அறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா, இதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று தெரியவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். உங்கள் தம்பி ஏப்ரலில் போகலாம் என்கிறார். நீங்கள் அப்படி எழுதியிருப்பதாகச் சொன்னார்.

லோகு


மஸ்கட்
19.11.85

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. அங்கே புயல் மழை, ஏரிகள் உடைந்து தாம்பரம் பக்கமெல்லாம் வெள்ளம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பீர்க்கன்கரணை ஏரி உங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. டாக்டர் வீட்டு போன் வேலை செய்யவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் சுகம் என்று ஒரே ஒரு தந்தி கொடுங்கள். உங்கள் தம்பி, "அக்கா இருக்கும்போது என்ன பயம்" என்கிறார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

ஞானம்மாளுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

லோகு


பீர்க்கன்கரணை
26.11.85

சௌ. லோகநாயகிக்கு ஆசீர்வாதம்.

மழை விட்டுவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சுவாமி படங்கள், அரிசி டிரம், டிவி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றிவிட்டோம். மெத்தைதான் வீணாயிற்று. அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சுகந்திக்குச் சளி, கொஞ்சம் ஜுரம், இப்போது தேவலை. நீ பதறி ஓடி வர வேண்டியதில்லை. யாராவது ஏதாவது எழுதினால் பொருட்படுத்தாதே, இந்தத் தெருவில் வேலையற்ற வாய்கள் அதிகம்.

அபிதகுஜாம்பாள்


பீர்க்கன்கரணை
4.12.85

கர்த்தருக்குள் அன்பான சகோதரி லோகநாயகி அம்மாவுக்கு ஞானம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் தேவகிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்து கையிலேயே வைத்திருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஏசுதாசன்தான், "பெத்தவளுக்குச் சொல்லாத வேற யாருக்குச் சொல்றது, எழுது" என்றார்.

அன்றைக்கு மழைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். உங்கள் நாத்தனார் அம்மா பாப்பாவைக் கூட்டி வந்தார்கள். என் ஸ்டெல்லாவும் கூடவே வந்தது. தெருமுனை மாவு மில் வரும்போது கணுக்கால் தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் போகிறது என்று யாரோ சொல்ல, அம்மா இரண்டு பிள்ளைகளையும் லைட் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, நான் வந்து கூப்பிடும் வரை இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஏரி வழிந்து தண்ணீர் ஏறியது. என் பெண் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டது. வந்ததும், "அவ வரமாட்டேன்றாம்மா, நான் இழுத்தேன், வரமாட்டேன்றா" என்று கத்தியது.

இவர் ஓடினார். பாப்பா மார்பளவு தண்ணீரில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றதாம். பைக்கட்டு தண்ணீரில் போய்விட்டது. மில் மாடியிலிருந்து ஆட்கள் கத்தியிருக்கிறார்கள், அது திரும்பிப் பார்க்கவில்லை. இவர், "பாப்பா, கைய வுடும்மா, தண்ணி ஏறிகினே கீது" என்றாராம். "அத்தை இன்னும் கூப்பிடலை" என்றதாம். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்கினாராம். தோல் பதனிடுகிற வேலை செய்கிற முரட்டுக் கை அம்மா அது, அந்தக் கைக்கே அது பெரும்பாடாய் இருந்ததாம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நான் உங்கள் நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். புருஷனும் பெண்டாட்டியும் டிவியை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பாப்பா எங்கம்மா?" என்றேன். "நிக்கச் சொல்லியிருக்கேன், அவ எங்கயும் போக மாட்டா" என்றார்கள். இவர் தூக்கி வந்த குழந்தையைப் பார்த்ததும் அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டது. கல் நெஞ்சம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் எல்லோரும் அழுதோம், பாப்பா மட்டும் அழவில்லை.

ஆனால் மறுநாள் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்த அம்மா, "தண்ணியிலகூட அசையலை என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து போன வாரம்தான் கூட்டி வந்தார்கள்.

நீங்கள் வந்துவிட்டால் நல்லது.

ஞானம்மாள்


பல்லாவரம்
29.12.85

என் அன்புள்ள உங்களுக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நான் உங்களைக் கேட்காமலே வேலையை விட்டுவிட்டு வந்தது உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். வந்து பார்த்த பிறகு எனக்கு வருத்தமில்லை.

சுகந்தியை அப்பா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அக்கா தடுக்கவில்லை. வாசற்படியில் நின்று அழுதார். குழந்தை மேல் அவருக்கு ஆசையில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆனால், "தம்பி சொல்லட்டும், வந்து கூட்டிண்டு போறேன். அவன் சொன்னா நீ அனுப்பித்தான் ஆகணும்" என்றார்.

குழந்தை இளைத்திருக்கிறாள், அது சரியாகிவிடும். மற்றதை எப்படி எழுதுவது? இங்கே வீடு முழுக்கச் சத்தம். என் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். இவள் அறைக்குள் வர யாராவது வா என்று சொல்ல வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் சாப்பிடு என்று சொல்ல வேண்டும், போதும் என்றும் நாம்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் சொல்ல மறந்துவிட்டேன், வாந்தி எடுக்கும் வரை சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் வளையல் கடைக்குக் கூட்டிப் போனேன். சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் கையில் கொடுத்து, "உனக்கு எதுடா பிடிச்சிருக்கு?" என்றேன். வளையலைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சிரித்தார். நான் திரும்பவும் கேட்டேன். "நான் எதைச் சொல்லணும்மா? நீங்க சொல்லுங்க, சொல்லிடறேன்" என்றாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்கு மருந்து உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அது இந்தச் சத்தம்தான், இங்கே வருஷக்கணக்கில் இருந்தால் ஒருவேளை திரும்பி வருவாள். அக்கா வீட்டுக்கு மறுபடி போனால் திரும்பி வரவே மாட்டாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கார்டியன் என்று அக்கா பெயர்தான் இருக்கிறது. தகப்பனார் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால்தான் டி.சி. கொடுப்பார்களாம். குழந்தை தாயோடு பல்லாவரத்தில் இருக்கட்டும், அக்காவிடம் அனுப்ப முடியாது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அக்காவுக்கு அதே இரண்டு வரி. நம் கல்யாணத்திலிருந்து நான் உங்களைக் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். ஒரே ஒரு தரம் அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
லோகு


மஸ்கட்
14.1.86

அன்புள்ள லோகுவுக்கு,

நலம். உன் நலத்தையும் சுகந்தியின் நலத்தையும் அறிய ஆவல். மாமாவையும் உன் தம்பிகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே இப்போது நல்ல குளிர். இன்று பொங்கல் என்பதால் தமிழ் ஆட்கள் சேர்ந்து மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வெள்ளத்தைப் பற்றி ஞானம்மாள் எழுதியதையும் நீ வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து எடுத்துப் படித்தேன். படிக்கும்போது எனக்கு என்னவோ செய்தது. சுகந்தி உன்னோடு இருந்தால் நல்லது என்றுதான் எனக்கும் படுகிறது. நானும் அக்கா வளர்த்த பிள்ளைதான், என்னிடம் நீ என்ன குறை கண்டாய் என்று கேட்கத் தோன்றியது. கோபத்தில் கேட்கவில்லை லோகு, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீ சொன்ன இரண்டு வரியை எழுதத்தான் நேற்றும் இன்றும் உட்கார்ந்தேன். அக்காவின் பெயரை எழுதியாயிற்று. அதற்கு மேல் என்ன முயன்றும் கை போகவில்லை. ஆகையால் நீ கேட்டதை எல்லாம் விவரமாக அக்காவுக்கே எழுதி, நான் அப்படி ஒரு கடிதம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அவள் பதில் வந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சாம்பசிவன்